அதுவே இது: பழைய படத்தில் வந்துபோகும் பேருந்தும் மீளறிவு என்னும் சிக்கலும்

ஒரு காலத்தில் கண்ட பொருளையே மற்றொரு காலத்தில் மீண்டும் காணும்போது ‘அதுவே இது’ என்று தோன்றும் அறிவை வடமொழித் தருக்க நூலார் பிரத்தியபிஞ்ஞை என்றனர். தமிழில் அதை மீளறிவு எனலாம். முன்பு ஓர் ஊரில் கண்ட தேவதத்தனைப் பின்பு வேறோர் ஊரில் கண்டு ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்று சொல்வது இதற்கு நூல்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு. இவ்வறிவில் ‘அது’ என்னும் பாதி நினைவைச் சேர்ந்தது. ‘இது’ என்னும் பாதி கண்முன் நிற்கும் காட்சியைச் சேர்ந்தது. இரண்டையும் ஒட்டவைக்கும் தேற்றேகாரம், அதாவது உறுதிப்பொருள் தரும் அந்த ‘ஏ’, எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் பௌத்தரும் நையாயிகரும் மீமாஞ்சகரும் சைவரும் பல நூற்றாண்டுகள் ஓயாமல் வாதிட்டனர். பழைய திரைப்படங்களில் நாயகனின் முதுகுக்குப் பின்னால் சில நொடி தோன்றி மறையும் மாநகரப் பேருந்தைக் கண்டுபிடித்து, அது எந்த ஆண்டு வண்டி, எந்தத் தடத்தில் ஓடியது என்று சொல்லி மகிழ்வது ஒரு பொழுதுபோக்கு. விளையாட்டாகத் தோன்றினாலும், இந்தப் பொழுதுபோக்கு அந்தப் பழைய சிக்கலைத் தேவதத்தனைக் காட்டிலும் கூர்மையாக நிறுத்துகிறது. ஏனெனில் தேவதத்தன் உயிரோடு எதிரே நிற்கிறான், பேருந்தோ பெரும்பாலும் உலகில் இல்லை.

பேருந்தைக் கண்டறிகிறவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை முதலில் வகுத்துக்கொள்ள, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவை இயல் நல்ல கருவியாக உதவுகிறது. அளவை என்பது உண்மையை அறிவதற்கான வழி. அவற்றுள் முதலாகிய காட்சியைச் சைவ சித்தாந்தம் இரண்டு படிகளாகப் பார்க்கிறது: பெயரும் வகையும் தோன்றாமல் ‘ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற அளவில் நிற்பது நிருவிகற்பம், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தையும் பொருத்தி ‘இன்னது’ எனத் தெளிவது சவிகற்பம். திரைப்படம் பார்க்கும் பெரும்பாலோருக்கு நாயகனின் பின்னால் போகும் வண்டி நிருவிகற்ப நிலையைத் தாண்டுவதே இல்லை. அவர்கள் கண் அதைத் தொடுகிறது, அறிவு தொடுவதில்லை.

பேருந்து ஆர்வலரோ இக்கூறுகளை ஒவ்வொன்றாகத் தேடுகிறார். முகப்பில் இன்ஜின் முன்தள்ளி நிற்கும் ‘மூக்கு வைத்த’ வண்டியா, ஓட்டுநர் இன்ஜினுக்கு அருகிலேயே அமரும் தட்டை முகப்பா என்பது சாதி. லேலண்டா டாடாவா என்பதும் அதன் உட்பிரிவே. தடப் பலகையில் உள்ள எண்ணும் எழுத்தும் அதன் கன்மம், அதாவது அது செய்யும் தொழில். 18ஏ என்றால் தாம்பரம் பக்கம், வேறோர் எண் என்றால் வேறொரு பக்கம். பக்கவாட்டில் எழுதிய கழகத்தின் பெயர் அதன் பெயர். குணமாகிய நிறம் மட்டும் கறுப்பு வெள்ளைப் படங்களில் கிடைக்காமல் போகிறது. ஐந்தில் ஒன்று குறைந்த நிலையிலும் அறிவு தடைப்படாமல் நடப்பது, அந்த ஐந்தும் ஒரே தகுதி உடையவை அல்ல என்பதற்குச் சான்று. அருணந்தியாருக்கு உரை எழுதியோர் இப்படி ஓர் எடுத்துக்காட்டை எண்ணியிருக்க வாய்ப்பில்லை, ஆயினும் அவர்கள் பகுத்த பகுப்பு இதற்கும் பழுதின்றிப் பொருந்துகிறது.

இக்கூறுகள் ஒவ்வொன்றும் காலத்தையும் சுமந்து வருகின்றன. சென்னை நகரப் பேருந்துகளை அரசு தன் கையில் எடுத்தது 1947-ல்; பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது 1972-ன் முதல் நாளில்; 1994-ல் அதிலிருந்து டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் பிரிந்தது; தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து நீக்கப்பட்டது 1997-ல். ஆகவே ஒரு காட்சியில் ‘பல்லவன்’ என்ற எழுத்து தெரிந்தால் அது 1972-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது என்று கருதலளவை, அதாவது அனுமானம், உடனே சொல்லிவிடும். எண் பலகையும் அப்படியே. மாநில எழுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண் என்னும் இன்றைய முறை 1989-ல் வந்தது. அதற்கு முன் எம்.எஸ்.எக்ஸ் போன்ற மூன்றெழுத்துத் தொடர்கள் இருந்தன. திருவள்ளூருக்கு இன்று உரிய டி.என். 20 என்னும் குறி எழுபதுகளில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையில் தெரிந்தால், கதை பொய் சொல்லுகிறது, வண்டி மெய் சொல்லுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். பழைய பேருந்தைத் திரையில் தேடுவதை நினைவேக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நினைவேக்கம் பிழைபட முடியாத ஒன்று. ‘அந்தக் காலம் இனிமையானது’ என்று ஏங்குபவரை மறுப்பதற்கு அளவை எதுவும் இல்லை. மீளறிவு அப்படிப்பட்டதன்று. அது பிழைபடக்கூடியது, திருத்தப்படக்கூடியது. சித்தாந்த நூல்கள் அறிவின் குற்றங்களாகக் கூறும் ஐயமும் திரிவும் இங்கும் வந்து நிற்கின்றன: லேலண்டின் கோமெட் வகையா வேறு வகையா என்று இரண்டுக்கும் நடுவே நிற்பது ஐயம், ஹைதராபாத் படப்பிடிப்பு நகரில் போட்ட செட்டில் சென்னைப் பலகை மாட்டி நிறுத்திய வண்டியை உண்மையான சென்னை வண்டி எனத் துணிவது திரிவு. பிழைபட இடமுள்ள இடத்தில்தான் அறிவு என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. எனவே பேருந்து ஆர்வலரின் செயலை உணர்ச்சியின் கணக்கில் எழுதாமல் அறிவின் கணக்கில் எழுதுவதே முறை.

திரைப்படத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகிய ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார், அதற்கு முன் மோட்டார் உதிரிபாக வணிகம் செய்தவர். அப்படத்தின் ஒரு சுருளும் இன்று இல்லை. உதிரிபாகம் விற்றவர் எடுத்த படமே உதிர்ந்துபோயிற்று என்பது, திரையில் பதிந்தவை நிலைக்கும் என்று எளிதாக நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை.

பேருந்தையே கதைக்களமாகக் கொண்ட படங்கள் தமிழில் சில உண்டு. 1966-ல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ ஒரு பேருந்துப் பயணத்தையே கதையாக்கியது. பின்னர் இந்தியில் ‘பாம்பே டு கோவா’ என்று மறுவடிவம் பெற்றது. 2001-ல் ஜீவா இயக்கிய ‘12பி’ இன்னும் மெய்யியல் சார்ந்தது. நாயகன் 12பி பேருந்தைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் வேறொரு வாழ்க்கை என்று இரண்டையும் அடுத்தடுத்து விரித்துக் காட்டும் அப்படம், பேருந்தைப் பிடித்தவனும் தவறவிட்டவனும் ஒருவனா இருவரா என்ற வினாவை எழுப்பிவிட்டு விடையை ஊழின் தலையில் வைக்கிறது. 12பி நகரத்தில் உண்மையாகவே ஓடிய தட எண் என்பதால், அந்த வினா சென்னைவாசிக்கு நூலில் படித்த வினாவாக இல்லாமல் நிறுத்தத்தில் நின்று அனுபவித்த வினாவாகிறது. ஆயினும் பேருந்து தலைப்பிலேயே இடம்பெற்ற படங்கள் மீளறிவுக்குத் தரும் பொருள் குறைவு. அங்கே பேருந்து நடிகராகிவிடுகிறது. அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றே காட்டுகிறார்கள்.

யாரும் காட்ட எண்ணாமல் பதிந்துபோன பேருந்தே வினாவுக்கு உரியது. பிரெஞ்சு விமரிசகர் ஆந்த்ரே பசான் 1945-ல் எழுதிய கட்டுரையில், ஓவியம் ஓவியரின் உள்ளத்தின் வழியே பொருளைத் தருகிறது, ஒளிப்படமோ பொருளின் மீது பட்ட ஒளியையே வாங்கிவைக்கிறது என்னும் கருத்தை முன்வைத்து, எகிப்தியர் உடலைப் பதப்படுத்திய வேட்கையோடு அதை ஒப்பிட்டார். பேருந்துக்கு இக்கருத்து மிகப் பொருந்தும். இயக்குநர் நடிகரின் முகத்தை எண்ணினார். ஒளிப்பதிவாளர் வெயிலை எண்ணினார். தெருவில் போன வண்டியை ஒருவரும் எண்ணவில்லை, ஆனால் அதன் மேல் பட்ட வெயில் படச்சுருளில் விழுந்தது. கலை என்ற அளவில் அது பிழையாகவும் இருக்கலாம், காட்சியைக் கெடுத்த குறுக்கீடாகவும் இருக்கலாம். சான்று என்ற அளவில் அதற்கு நிகர் இல்லை, ஏனெனில் யாரும் விரும்பிச் சொல்லாத சான்றுக்குப் பொய் சொல்லக் காரணம் இருப்பதில்லை.

இந்த இடத்தில்தான் பௌத்தர் குறுக்கிடுகின்றனர். எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் அழிகின்றன என்பது அவர்களுடைய கணபங்க வாதம். ‘அதுவே இது’ என்னும் அறிவு பொருளின் நிலைபேற்றை நிறுவுகிறதே என்று எதிர்வாதி கேட்டால், அவர்கள் விளக்கின் சுடரைக் காட்டுவர்: சுடர் கணந்தோறும் புதிது, ஆனால் பார்ப்பவன் ஒரே சுடர் என்கிறான். வெட்டியபின் வளர்ந்த முடியையும் நகத்தையும் காட்டுவர்: முன்பிருந்த நகம் போய்விட்டது, ‘அதே நகம்’ என்கிறான். ஒப்புமை மிகுதியால் ஒருமை தோன்றுகிறது என்பதே அவர்கள் முடிவு. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் கற்றதாகக் காப்பியம் கூறும் அளவை நெறி இந்த மரபைச் சேர்ந்தது. அந்தக் காஞ்சியை ஆண்ட பல்லவரின் பெயரைத் தாங்கிய பேருந்தைக் கொண்டே அவ்வாதத்தை ஆராய நேர்வது வரலாற்றின் வேடிக்கை.

திரைப்படம் பௌத்தருக்குக் கிடைத்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்று சொல்வதில் மிகையில்லை. நொடிக்கு 24 அசையாப் படங்கள். ஒரு படம் விலகி அடுத்த படம் வந்து நிற்கும் இடைவெளியில் ஒளியை மறைக்கும் தகடு குறுக்கே வர, அந்த நேரமெல்லாம் திரை இருள். அண்ணாசாலையில் மூன்று நொடி ஓடும் பேருந்து என்பது 72 தனித்தனிப் பேருந்துப் படங்களும் அவற்றின் நடுவே வந்த இருளுமே. ஓடியதாகக் கண்டது எது? ஹென்றி பெர்க்சான் 1907-ல் வெளியிட்ட நூலில், மனித அறிவே திரைப்படக் கருவியைப் போல, இடையறாது ஓடும் மெய்ம்மையை அசையாத் துண்டுகளாக நறுக்கிப் பின் ஒட்டவைத்து இயக்கம் என்கிறது என்று குறை கூறினார். பெர்க்சானுக்குத் துண்டுகள் பொய், ஓட்டம் மெய்; பௌத்தருக்கு ஓட்டம் என்ற ஒருமை பொய், கணங்கள் மெய். ஒரே கருவியை இருவரும் எதிரெதிர்த் திசையில் பிடித்திருக்கின்றனர். ஆர்வலர் படத்தை நிறுத்திவைத்து ஒரு சட்டகத்தை உற்றுப் பார்க்கையில், தன்னை அறியாமலேயே பௌத்தர் பக்கம் சேர்கிறார். அவருக்கு ஓட்டம் வேண்டாம், எண் பலகை தெளிவாகத் தெரியும் ஒரு கணம் போதும்.

திரையை விட்டு இறங்கி உண்மை வண்டியைப் பார்த்தாலும் பௌத்தர் விடுவதில்லை. மிலிந்த பஞ்ஞ என்னும் பாலி நூலில் நாகசேனர் என்னும் துறவி மிலிந்த மன்னனை, நீ வந்த தேர் எது, ஏர்க்காலா, அச்சா, சக்கரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் அன்று, அவை சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று ஒப்புக்கொள்ளச் செய்கிறார். கிரேக்கரின் தெசியுஸ் கப்பல் புதிரும் இவ்வகையானதே. பலகை பலகையாக மாற்றிய கப்பல் பழைய கப்பலா என்பது அதன் வினா. பேருந்துப் பணிமனை இவ்வினாவை நாள்தோறும் செய்முறையாகவே நடத்திவருகிறது. டயர் ரீட்ரெட் ஆகிறது, இன்ஜின் மாறுகிறது, கண்ணாடி மாறுகிறது. 2023-ல் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பழைய சேசிஸ்களின் மேல் புதிய பாடி கட்டி மஞ்சள் வண்ணம் பூசிய பேருந்துகளைச் சாலைக்கு விட்டன. பயணி புதிய பஸ் என்றார். பதிவேட்டில் அது பழைய வண்டி.

இதன் உச்சம் லண்டன் பேருந்துகளில் நிகழ்ந்தது. அந்நகரப் பேருந்துகளுக்கான ஆல்டன்ஹாம் பணிமனையில் பழுது பார்க்க வரும் பேருந்தின் பாடியையும் சேசிஸையும் தனித்தனியே கழற்றி, வெவ்வேறு வரிசைகளில் சரிசெய்து, முடிவில் கையில் எந்தப் பாடி வருகிறதோ அதை எந்தச் சேசிஸ் கிடைக்கிறதோ அதன் மேல் ஏற்றி, உள்ளே போன வண்டியின் எண்ணை அதற்குக் கொடுத்து அனுப்பினர். ஆகவே ஒரே எண்ணோடு உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் பொருளளவில் வெவ்வேறு வண்டிகள். 1963-ல் வந்த ‘சம்மர் ஹாலிடே’ என்னும் ஆங்கிலப் படத்தில் இந்தப் பணிமனை தெரிகிறது. அதன் கதையில் ஒரே பேருந்தாக ஐரோப்பாவைக் கடப்பதும் படப்பிடிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பேருந்துகள்தான். 1994-ன் ‘ஸ்பீட்’ படத்திலோ, நிற்காமல் ஓடும் ஒரே பேருந்தாகத் தோன்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பயன்பட்டன. ஆங்கிலப் படங்களில் பேருந்தைக் கண்டுபிடிப்போர் இந்தப் பன்மையைக் கண்டறிவதையே பெருவெற்றியாகக் கருதுவர்: இந்தக் காட்சியில் ஜன்னல் ஓரம் வேறு மாதிரி, ஆகவே இது அதுவன்று. ஆக, ‘அதுவே இது’ என்பதைப் போலவே ‘அதுவன்று இது’ என்பதும் மீளறிவின் பேறுதான்.

எண் பலகையோடு போகும் ஒருமையை வெறும் நிருவாக வசதி என்று தள்ளிவிடலாம். ஆனால் தமிழ்ச் சமயமரபு இதைவிட ஆழமான ஒரு விடையை வைத்திருக்கிறது. கோயிலில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் என்னும் சடங்கு நடக்கும். மூலவரின் ஆற்றலைக் கும்ப நீரிலோ பலகையில் எழுதிய உருவிலோ ஏற்றி, வேறிடத்தில் வைத்து வழிபட்டு, பணி முடிந்து குடமுழுக்கு நடக்கையில் மீண்டும் திருமேனிக்கு மாற்றுவர். இடைக்காலத்தில் கருவறைச் சிலை கல்; பலகை ஓவியம் கடவுள். செங்கல் மாறியும் சுதை மாறியும் விமானம் புதிதாகியும் கோயில் ‘அதே கோயில்’ என்று நிற்பதற்குக் காரணம் பொருளின் தொடர்ச்சி அன்று, ஒப்படைப்பின் தொடர்ச்சி. இந்தக் கண்ணால் பார்த்தால், ஆல்டன்ஹாம் தொழிலாளி எண் பலகையை மாட்டியதும், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஆயுத பூசையன்று தொழிற்சாலைப் பேருந்துக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனப் பொட்டு வைப்பதும் ஒரே செயலின் இரு வடிவங்கள்: உறுப்புகளின் குவியலை ‘இது ஒன்று’ என்று பெயர் சொல்லி ஏற்பது. நாகசேனர் பெயர்தானே என்றார். அந்தப் பெயரை இடுவதற்குச் சடங்கு வேண்டும், அதைச் செய்ய ஆட்கள் வேண்டும் என்பது அவர் வினாவில் இல்லை.

நையாயிகர் வேறொரு வழியில் பௌத்தரை எதிர்த்தனர். பொருள் மாறட்டும், ஆனால் அன்று கண்டவனும் இன்று காண்பவனும் ஒருவனாக இல்லாவிட்டால் ‘அதுவே இது’ என்ற அறிவே பிறக்காது, ஆகவே மீளறிவு பொருளின் நிலைபேற்றை நிறுவாவிட்டாலும் அறிபவனாகிய ஆன்மாவின் நிலைபேற்றை நிறுவும் என்பது அவர்கள் வாதம். ஒருவர் கண்டதை மற்றொருவர் நினைவுகூர முடியாதல்லவா? எழுபதுகளில் பல்லவனில் படியில் தொங்கிக் கல்லூரிக்குப் போன ஒருவர் அதே வண்டியைத் திரையில் காணும்போது இந்த வாதம் அசைக்க முடியாததாகத் தோன்றும். வண்டி உருகிப் போயிற்று, படம் கணக் கோவை, ஆனால் கண்டவர் இருக்கிறார்.

இவ்வாதம் ஓரிடத்தில் உடைகிறது. பழைய பேருந்துகளைத் திரையில் கண்டறிவோரில் அப்பேருந்துகளை நேரில் காணாத இளைஞர்களும் உள்ளனர். பல்லவன் என்ற பெயர் அழிந்த பின் பிறந்தவர், 1966-ன் படத்தில் வரும் வண்டியை முகப்புக் கம்பிகளின் அமைப்பைக் கொண்டு இனம் காண்கிறார்; மாடி பஸ்ஸில் ஒருமுறையும் ஏறாதவர், அது எந்தத் திருப்பத்தில் மெதுவாகத் திரும்பும் என்றும் சொல்கிறார். அவருக்கு ‘அது’ என்னும் பாதி சொந்த நினைவு அன்று. அப்படியானால் அவருடையது மீளறிவே அன்று, வெறும் அனுமானம் என்று நையாயிகர் விலக்கலாம். ஆனால் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, கணக்குப் போட்டு விடை கண்டவரின் மலர்ச்சியாக இல்லை. பிரிந்தவரைக் கண்டவரின் மலர்ச்சியாகவே இருக்கிறது. ஓட்டுநராக இருந்த பெரியவரும், பணிமனையில் வேலை பார்த்த மாமாவும், பழைய ஒளிப்படங்களும் சொல்லிச் சொல்லி அவருக்குள் ஓர் ‘அது’வை வைத்துவிட்டனர். சித்தாந்தம் உரையளவை என்று சொல்வது இதைத்தான்: தகுதியுடையோர் சொல்லால் வரும் அறிவு. தேற்றேகாரம் இங்கே ஓர் ஆன்மாவுக்குள் தங்காமல் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் கண்ணுக்கு மாறுகிறது. ஆகவே மீளறிவு நிறுவுவது தனியொருவரின் தொடர்ச்சியை மட்டுமன்று. சில வேளைகளில் அதை நிறுவாமலேயே சொல்லிக்கொடுப்போரின் தொடர்ச்சியை நிறுவுகிறது.

சைவத்தின் இரு கிளைகளுமே இதை உணர்ந்திருந்தன என்பதை அவை எடுத்த உவமைகள் காட்டுகின்றன. காஷ்மீரத்தில் பத்தாம் நூற்றாண்டில் மீளறிவையே சமயத்தின் பெயராகக் கொண்ட உற்பலதேவர், தலைவனின் குணங்களைக் கேட்டுக் காதல் கொண்ட பெண், அவனே எதிரில் வந்து நின்றபோதும் யாரோ என்று நினைத்து, ‘இவன்தான் அவன்’ என்று அறிந்த பின்பே மகிழ்வதை உவமையாக்கினார். அப்பெண்ணும் அவனை முன்பு கண்டதில்லை, கேட்டதுதான். மெய்கண்டார் சிவஞான போதத்தின் எட்டாம் நூற்பாவில் வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனின் கதையை ஆண்டார்: ஐம்புலன்களாகிய வேடர் நடுவே தன்னை வேடனாகவே எண்ணி வளர்ந்த உயிருக்கு, இறைவனே குருவாக வந்து நீ இன்னார் என்று உணர்த்துகிறான். இருவருக்கும் உடன்பாடான செய்தி, பொருள் கண்முன் இருப்பது மட்டும் போதாது, சொல்பவர் ஒருவர் வேண்டும் என்பது. பேருந்து எப்போதும் திரையில்தான் இருந்தது; நூறு முறை அந்தப் படத்தைப் பார்த்தவரும், பக்கத்திலிருந்தவர் விரலை நீட்டிக் காட்டும் வரை அதைக் காணவில்லை.

உடல் முழுதும் மாறிய பின்பும் அறியப்படுதல் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு பழம்பெரும் சான்று உண்டு. காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்று, கயிலையைத் தலையால் நடந்து ஏறியபோது, எலும்புருவாய் வரும் இவர் யார் என்று உமையம்மை வினவ, இறைவன் அவரை அம்மையே என்று அழைத்தான் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அழகு, தசை, இல்வாழ்க்கையின் அடையாளம் என்று சவிகற்பத்தின் கூறுகள் பலவும் போன பின், எதைக் கொண்டு அழைத்தான்? பௌத்தருக்கும் நையாயிகருக்கும் இதில் வாதிட இடம் உண்டு. புராணம் வாதிடவில்லை, அழைத்தான் என்று மட்டும் சொல்லி நகர்கிறது. அம்மையார் பின்பு அமர்ந்து இறைவனின் கூத்தைக் கண்ட தலம் சுடுகாடு சூழ்ந்ததாகப் பாடப்பட்ட திருவாலங்காடு; இன்று சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் ஒரு நிலையம்.

அதே மாவட்டத்தின் வடகிழக்கில் மற்றொரு ரயில் பாதையில் வேறு வகையான எரிகாடு ஒன்று உள்ளது. அங்கே எரிவது பிறந்த இடத்தை முதலில் பார்க்கலாம். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் தாய்த் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. பழைய படங்களில் தோன்றும் சென்னைப் பேருந்துகளில் பலவற்றின் சேசிஸ் பிறந்தது அங்கேதான். எண்ணூரிலிருந்து அதே பாதையில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையும், பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகளும் உள்ளன. ஓடி முடிந்து ‘கண்டம்’ செய்யப்பட்ட பேருந்து ஏலத்தில் போய், காயலான் கடையில் துண்டாகி, இறுதியில் சேருவது இத்தகைய உலையில்தான். பிறந்த இடமும் எரியும் இடமும் ஒரே ரயில் பாதையில் அரை மணி, முக்கால் மணி தொலைவில் இருக்கும் பொருள்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

சைவ சித்தாந்தத்தின் சற்காரிய வாதப்படி, உள்ளது அழிவதில்லை. காரியம் தன் காரணத்தில் ஒடுங்குகிறது, அவ்வளவே. குடம் உடைந்தால் மண், சேசிஸ் உருகினால் இரும்பு. அப்படியானால் பொருளளவில் மெய்யாகவே தொடர்ந்து நிற்பது உலையிலிருந்து வெளிவந்த கம்பி. அதே அணுக்கள், அதே எடையில் ஒரு பங்கு. ஆனால் அந்தக் கம்பியைக் கண்டு ‘அதுவே இது’ என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. கட்டுமானத் தொழிலாளி அதை மில்லிமீட்டர் கணக்கில் வளைக்கிறார், அவ்வளவுதான். திரையில் தெரிவதிலோ அந்த இரும்பில் ஓர் அணுவும் இல்லை, இருந்தும் அதைக் கண்டு இருவர் மூவர் ஒரே நேரத்தில் எழுந்து விரலை நீட்டுகின்றனர். பொருள் தொடர்ந்த இடத்தில் மீளறிவு நிகழவில்லை. மீளறிவு நிகழ்ந்த இடத்தில் பொருள் இல்லை. மீளறிவு பொருளின் ஒருமையைக் காட்டும் அளவை என்று கொண்ட மீமாஞ்சகருக்கு இது பெருந்தடை. ஒப்புமையே ஒருமையாய்த் தோன்றுகிறது என்ற பௌத்தருக்கும் முழு வெற்றி அன்று, ஏனெனில் திரையில் தெரியும் ஒளித்திட்டுக்கும் எட்டு டன் இரும்புக்கும் ஒப்புமை என்பது உருவரை தவிர வேறில்லை, உருவரையை வண்டியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்ற வினா மீண்டும் வருகிறது.

கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ அந்தக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் தளத்தின் கீழ், ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் பழைய படம் ஓடிக்கொண்டிருக்கலாம். நாயகன் சாலையைக் கடக்கிறான். பின்னால் ஒரு லேலண்ட் வருகிறது. வீட்டுப் பெரியவர் பேரனிடம், நாயகனை விடு, பின்னாலே பார் என்கிறார்.